மூன்றாம் தரத்துக்கு எவ்வளவு வீட்டு வேலை?

ஆண்டின் முதல் பெற்றோர் கூட்டத்தில் என்னிடம் வருவது இரண்டே விஷயம்தான். "வீட்டு வேலை நிறையக் குடுப்பீங்களோ ரீச்சர்?" என்பது ஒன்று. மற்றது கேள்வியே இல்லை, அனுமதி. "கண்ணையும் காதையும் விட்டிட்டு அடிச்சுப் படிப்பியுங்கோ." சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும்.

இலங்கையின் வடக்கே முல்லைத்தீவு மாவட்டத்தில், மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகும் வீதியில் உள்ளே திரும்பிப் போகிற ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை நான். பெரும்பாலும் தரம் 3 என் பொறுப்பு. இடமாற்றத்தில் ஆள் குறைந்தால் 3, 4 இரண்டையும் ஒரே மண்டபத்தில் வைத்துச் சமாளிப்பேன். மேலே சொன்ன இரண்டுக்கும் என் பதில் ஒவ்வொரு ஆண்டும் ஒன்றுதான்: வீட்டு வேலை அரை மணித்தியாலம், அடி கிடையாது. முதல் பதிலில் பாதிப் பேருக்கு ஏமாற்றம், இரண்டாவதில் மிச்சப் பேருக்கு.

அந்த அரை மணித்தியாலக் கணக்கு என்னுடையது இல்லை. அமெரிக்காவில் இருக்கும் ஒன்றுவிட்ட தங்கை, தன் மகனின் பள்ளிக்கூடம் கொடுத்த ஒரு தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். வகுப்பில் எப்படி நடக்க வேண்டும், வீட்டு வேலை எவ்வளவு, பெற்றோர் எங்கே கையெழுத்து வைக்க வேண்டும், எல்லாம் ஒரே தாளில். அங்கே பல பள்ளிகளில் தரத்துக்குப் பத்து நிமிடம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தரம் 1க்குப் பத்து நிமிடம், தரம் 3க்கு முப்பது. சரி, எட்டு வயதுப் பிள்ளைக்கு அது போதும் என்று அப்படியே எடுத்துக்கொண்டேன். தாளில் மிச்சம் இருந்ததை எடுக்க முடியவில்லை. ஒவ்வொரு இரவும் தாயோ தகப்பனோ பக்கத்தில் இருந்து இருபது நிமிடம் வாசிப்பிக்க வேண்டும் என்று போட்டிருந்தது. எங்கள் ஊரில் அந்த நேரம் தகப்பன் வயலில் யானைக் காவலுக்குப் போயிருப்பார்.

அதனால் ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் சில விஷயங்களைக் கேட்டு ஒரு கொப்பியில் குறித்து வைக்கிறேன். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு வீட்டில் யார் இருப்பார்கள்? அவர்களில் யாருக்கு வாசிக்க வரும்? பள்ளியால் வந்து பிள்ளைக்கு என்ன வேலை இருக்கிறது? எங்கே இருந்து எழுதும், வெளிச்சம் எப்படி? இதைப் படிவமாக அடித்துக் கொடுக்க மாட்டேன். படிவத்தில் எல்லா வீட்டிலும் எல்லாம் இருக்கும். வாசலில் நின்று கதைத்தால்தான் சரியான பதில் வரும்.

கேட்டுப் பார்த்தால் வீட்டுக்கு வீடு வேறு. காலபோக நெற்செய்கை நடக்கிற ஐப்பசி தொடக்கம் மாசி வரை தகப்பன்மார் வீட்டில் இருப்பது அருமை. சில அம்மாக்கள் ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறார்கள்; பேருந்து கொண்டு வந்து இறக்கும்போது இருட்டிவிடும். சிலர் மத்திய கிழக்கில். அந்த வீடுகளில் அம்மம்மாதான் எல்லாம். பிள்ளைகளும் சும்மா இருப்பதில்லை. மாட்டை அவிழ்த்துக் கட்டுவது, தண்ணீர் அள்ளுவது, தம்பியைத் தூக்கி வைத்திருப்பது எல்லாம் இவர்கள் வேலை. மின்சாரம் இப்போது பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. ஆனால் பில் கட்டாமல் இணைப்பு வெட்டுப்பட்டிருந்தால் அதை எந்தப் பிள்ளையும் வகுப்பில் வாய் திறந்து சொல்லாது.

இன்னொரு விஷயம், வெளி மாவட்டத்திலிருந்து வரும் ஆசிரியர்களுக்கு உடனே பிடிபடுவதில்லை. இன்று என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளின் தாய்மார் பலர், 2008இல் போரால் கிளிநொச்சிப் பக்கத்துச் சனம் கிழக்கே இடம்பெயரத் தொடங்கியபோது பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமிகள். தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வோர் இடமாக ஓடி, 2009 மே மாதம் போர் முடிந்த பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கூடாரத்துக்குள் படித்தவர்கள். படிப்பு அறுந்த இடம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. எழுத்துக்கூட்டி வாசிப்பார்கள், ஆனால் பிள்ளைக்கு முன்னால் பாடநூலை விரித்து வாசிக்கக் கூச்சம். அப்படியான ஒரு தாய்க்கு, "பிள்ளைக்கு வீட்டில் சொல்லிக் கொடுக்கவும்" என்று சிவப்பு மையால் கொப்பியில் எழுதி அனுப்பினால் அடுத்த கூட்டத்துக்கு அவர் வரமாட்டார். அக்கறை இல்லாத தாய் என்று பிறகு நாங்களே பேசிக்கொள்வோம்.

இதையெல்லாம் வைத்துத்தான் வீட்டு வேலைக்கு அளவு வைத்திருக்கிறேன். வகுப்பில் செய்து பழகியதைத்தான் வீட்டுக்குக் கொடுப்பேன். புதிதாக ஒன்றை வீட்டில் படித்துக்கொண்டு வா என்பதில்லை. யாரும் பக்கத்தில் இல்லாமலே பிள்ளை செய்து முடிக்க வேண்டும். அதற்காகக் கடைக்குப் போகக் கூடாது. திங்கள் முதல் வியாழன் வரை மட்டும், வெள்ளிக்கிழமை கிடையாது. அடுத்த நாள் காலையிலேயே நான் பார்த்துத் திருத்தி முடிக்கிற அளவாகவும் இருக்க வேண்டும். மூன்று பக்கம் எழுத வைத்துவிட்டுக் கொப்பிகளை மேசையில் ஒரு கிழமை அடுக்கி வைத்திருந்தால், ரீச்சர் பார்ப்பதில்லை என்று பிள்ளை சீக்கிரமே கண்டுபிடித்துவிடும். பிறகு பார்த்து எழுதுவதும் தொடங்கும்.

வாசிப்புத்தான் தினமும் உண்டு. பத்து வரி, சத்தமாக, வீட்டில் யாராவது ஒருவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். கேட்பவருக்கு எழுத்துத் தெரிந்திருக்கத் தேவையில்லை. பெற்றோர் கையெழுத்தும் கேட்பதில்லை. பிள்ளையே கொப்பியின் கீழே "கேட்டவர்: அம்மம்மா" என்று எழுதிக்கொண்டு வரும். ஒருத்தி "கேட்டவர்: ஆட்டுக்குட்டி" என்று எழுதி வந்தாள். வீட்டில் அன்றைக்கு ஒருவரும் இல்லையாம். அதையும் சரி போட்டேன், அவள் வாசித்தது உண்மை என்று அடுத்த நாள் வாசிக்க விட்டபோது தெரிந்தது. இந்த ஒரு மாற்றத்தால் கூட்டத்துக்கு வராத அம்மம்மாக்கள் சிலர் வரத் தொடங்கினார்கள். "உங்கட பாடத்தில வாற நரி என்ன ஆச்சு, பிள்ளை மிச்சத்தைச் சொல்லேல்லை" என்று கேட்டவரும் உண்டு.

வாசிக்க வீட்டில் புத்தகம் வேண்டுமே. இலவசப் பாடநூல் தவிர வேறு புத்தகம் இல்லாத வீடுகள்தான் அதிகம். வகுப்பில் ஒரு காட்போட் பெட்டி வைத்திருக்கிறேன். ஞாயிறு பத்திரிகைகளின் சிறுவர் பக்கங்கள், பழைய பாடநூல்கள், யாராவது அன்பளிப்பாகக் கொடுத்த கதைப் புத்தகங்கள் எல்லாம் அதற்குள் இருக்கும். பிள்ளைகள் கேட்காமலே எடுத்துப் போகலாம். கிழியும், மழையில் நனையும், சிலது திரும்பி வராது. பல பள்ளிக்கூடங்களில் ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் மட்டும் அலுமாரி திறந்து, படமெடுத்து, மறுபடி பூட்டிவிடுவார்கள். பூட்டி வைத்தால் கறையான்தான் வாசிக்கும்.

கணிதத்துக்கு ஐந்து கணக்கு. அதோடு கிழமையில் ஒரு நாள் வீட்டைச் சுற்றிச் செய்கிற ஏதாவது ஒரு வேலை: கதவு எத்தனை சாண், கிணற்றடிக்கு எத்தனை எட்டு, காலையிலும் பின்னேரத்திலும் மாமர நிழல் எவ்வளவு நீளம். வைகாசி, ஆனியில் பாலைப்பழக் காலம் வந்தால் பழம் பொறுக்கிப் பத்துப் பத்தாகக் கூட்டி வைக்கச் சொன்னால் போதும், பத்தின் கூட்டங்கள் விளங்கிவிடும். இதில் ஒரு கவனம் வேண்டும். ஓர் ஆசிரிய நண்பர், இன்று உலையில் எத்தனை சுண்டு அரிசி போட்டார்கள், எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று கேட்டு வரச் சொல்லலாமே என்றார். பார்க்க நல்ல கணக்குத்தான். நான் அதைக் கொடுப்பதில்லை.

ஒப்படை என்ற பெயரில் வருகிற அலங்கார வேலைக்கும் எனக்கும் ஒத்துவராது. 'எமது நாட்டு விலங்குகள்' என்று தலைப்புக் கொடுத்தால், தகப்பன் மோட்டார் சைக்கிளில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு சந்திக்குப் போய், கொமினிக்கேசன் கடையில் படங்களைப் பிரிண்ட் எடுத்து, பிரிஸ்டல் போட்டில் ஒட்டிக்கொண்டு வருவார். புள்ளி கடைக்காரத் தம்பிக்குத்தான் போட வேண்டும். காசில்லாத வீட்டுப் பிள்ளை அன்று பள்ளிக்கு வராது. யானையை நேரிலேயே பார்க்கிற ஊரில் யானைப் படம் பிரிண்ட் எடுப்பது ஏன் என்றும் கேட்கலாம். கறுப்புப் பென்சிலால் கீறிக்கொண்டு வரட்டும்.

தொலைபேசியும் அப்படித்தான். 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது வைபரிலும் வாட்ஸ்அப்பிலும் பாடம் அனுப்பினோம், அப்போது வேறு வழி இல்லை. பள்ளி திறந்த பிறகும் சிலர் அந்தப் பழக்கத்தை விடவில்லை. இரவு எட்டு மணிக்குக் குறூப்பில் வீட்டு வேலை விழும். வீட்டில் இருப்பது ஒரே ஒரு போன், அது தகப்பனோடு காவல் கொட்டிலில். டேட்டா முடிந்திருந்தால் அதுவும் இல்லை. கரும்பலகையில் எழுதியதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போவதற்கு ஈடான தொழில்நுட்பம் தரம் 3க்கு இன்னும் வரவில்லை.

அப்படியும் செய்யாமல் வரும் பிள்ளைகள் இருக்கும். பாதிக்கு மேல் காரணம் கேட்டால் தெரிந்துவிடும்: கொப்பி நனைந்துவிட்டது, அம்மாவுக்குக் காய்ச்சல், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போய் விடியத்தான் வந்தார்கள். "ஏன் செய்யேல்லை?" என்று கேட்டால் பிள்ளை நிலத்தைப் பார்க்கும். "எந்த இடத்தில நிண்டது?" என்று கேட்டால் கொப்பியைத் திறந்து காட்டும். காலைப் பிரார்த்தனைக்கு முன்னால் பத்து நிமிடம் என் மேசைக்குப் பக்கத்தில் இருந்து செய்து முடிக்கலாம். இடைவேளையைப் பிடித்து வைப்பதில்லை. எங்கள் பிள்ளைகளில் சிலருக்குப் பள்ளிக்கூடச் சாப்பாடுதான் அன்றைய முதல் சாப்பாடு. அந்த நேரத்தில் அவர்களைக் கணக்குச் செய்ய வைத்துப் பிரயோசனமில்லை. ஒரே பிள்ளை தொடர்ந்து செய்யாமல் வந்தால் பிள்ளையைக் கேட்பதை நிறுத்திவிட்டு என் கொப்பியைப் பார்ப்பேன், பிறகு வீட்டுக்குப் போவேன்.

இனி அந்த 'கண்ணையும் காதையும் விட்டிட்டு' கதை. பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005இலேயே வந்தது, 2016இல் இன்னொன்று வந்தது. பிரம்பு அலுமாரிக்குள் போனதே தவிர, பள்ளிக்கூடத்தை விட்டுப் போகவில்லை. 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. தெற்கில் ஒரு மாணவனை ஆசிரியர் கன்னத்தில் அறைந்ததில் அவனுக்கு ஒரு காது கேட்காமல் போயிருந்தது. அது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரைக்கு, அதாவது எவரையும் சித்திரவதைக்கோ கொடூரமான, இழிவான நடத்துகைக்கோ உட்படுத்தக் கூடாது என்ற உரிமைக்கு, மாறானது என்று நீதிமன்றம் கண்டு நட்டஈடு கொடுக்க வைத்தது. கூட்டத்தில் இதை நான் சொல்லும்போது சிரிப்பு நின்றுவிடும். காதை விட்டுவிட்டு அடிப்பதென்று கணக்குப் பார்த்து ஒருவரும் கை ஓங்குவதில்லை.

அடி இல்லாமல் வகுப்பு எப்படி அடங்கும் என்று கேட்பார்கள். முழுக்க அடங்காது. எட்டு வயதுப் பிள்ளை இருபது நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். எங்கள் வகுப்பில் மூன்றே ஒழுங்குகள். ஒருவர் கதைக்கும்போது மற்றவர்கள் கேட்பது. கையைத் தன்னோடு வைத்திருப்பது. எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பது. எழுதி ஒட்டுவதோடு நிற்காமல், தவணை தொடங்கி முதல் கிழமைகளில் பாடத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, கொப்பி கொடுப்பது எப்படி, வரிசையில் குழாயடிக்குப் போவது எப்படி என்று செய்தே பழக்குவேன். அந்தக் கிழமைகளில் பாடத்திட்டம் பின்தங்கும். ஆசிரிய ஆலோசகர் கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

தங்கை அனுப்பிய தாளில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஓர் அட்டையும் இருந்தது. குழப்படி செய்தால் பிள்ளையின் பெயர் சிவப்புக்கு இறங்கும். எங்கள் வகுப்பில் சிவப்பில் நிற்கப்போவது யார் என்பது முதல் நாளே எல்லாருக்கும் தெரியும், அதற்கு அட்டை வேண்டாம்.

குழப்படி என்று நாங்கள் சொல்வதில் பாதி வேறு ஏதோ. ஏழரைக்கு மணி அடிக்கிறது. எட்டு மணிக்கு வருகிற பிள்ளையைக் கேற்றில் நிறுத்தி வைக்கிறோம். காட்டுக்கரை வீதியில் யானை நின்றால், வெளிச்சம் வந்து அது உள்ளே போகும்வரை பெரியவர்களே காத்திருக்கிறார்கள். முதற்பாடத்தில் மேசையில் தலை வைக்கிற பிள்ளையிடம் "காலமை என்ன சாப்பிட்டனீங்கள் ராசா?" என்றுதான் முதலில் கேட்க வேண்டும். ஒரு பிஸ்கட் பைக்கற் லாச்சியில் இருப்பது நல்லது.

பென்சில் சண்டை தனி ரகம். 2022 நெருக்கடியில் கொப்பி, பென்சில் விலை ஏறியதிலிருந்து வகுப்பில் களவு, அடிபிடி, அழுகை எல்லாமே பென்சிலைச் சுற்றித்தான். யார் எடுத்தது என்று விசாரணை வைத்தால் ஒரு பாடவேளை போய்விடும், எடுத்த பிள்ளைக்கும் பெயர் கெட்டுவிடும். அதனால் பால்மா ரின் ஒன்றில் சீவிய பென்சில்களை மேசையில் வைத்துவிட்டேன். இல்லாதவர் எடுக்கலாம், போகும்போது திரும்பப் போட வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. அவ்வப்போது சில குறையும், அதற்குப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் கேட்டு வாங்கிக்கொள்கிறோம். சண்டை பெரும்பாலும் நின்றுவிட்டது.

ஒருவனை ஒருவன் அடித்துவிட்டால், அந்தச் சூட்டோடு மன்னிப்புக் கேட்க வைப்பதில்லை. அடித்தவன் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வரட்டும். பிறகு தனியாக இரண்டு கேள்வி: என்ன நடந்தது, அடுத்த முறை என்ன செய்வீர்கள்? அதற்கு மேல் பிரசங்கம் இல்லை.

வீட்டுக்குச் சொல்வதில்தான் அதிக கவனம் வேண்டும். நாங்கள் வகுப்பில் அடிப்பதில்லை, ஆனால் எங்கள் முறைப்பாட்டைக் கேட்டு வீட்டில் அடி விழுந்தால் அது நாங்கள் அடித்த கணக்குத்தான். எனவே தவணை தொடங்கியதும் ஒவ்வொரு வீட்டுக்கும் பிள்ளை பற்றி ஏதாவது ஒரு நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுவேன், குழப்படிக்காரர் வீட்டுக்கு முதலில். பிறகு சொல்ல வேண்டியது வரும்போது, "இது வகுப்பில முடிஞ்சுது அண்ணை, நீங்கள் வீட்டில திரும்பத் தொடங்க வேண்டாம்" என்று சேர்த்துச் சொல்வேன். பிள்ளையின் உடம்பில் அடையாளம் தெரிந்தால், வேறு ஏதோ நடக்கிறது என்று மனதில் பட்டால், அது வகுப்பாசிரியர் தனியாகப் பேசித் தீர்க்கிற விஷயமில்லை. அதிபருக்குச் சொல்ல வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்கும் அழைக்கலாம்.

பெற்றோரிடம் நான் கேட்பதும் கொஞ்சம்தான். இரவே பையை அடுக்க வையுங்கள். ஒன்பது மணிக்கு முன் படுக்க விடுங்கள். பிள்ளையின் வீட்டு வேலையை நீங்கள் செய்து கொடுக்காதீர்கள். பிழையாகச் செய்துகொண்டு வந்தால்தான் எனக்கு எங்கே பிழை என்று தெரியும். கடைசிதான் அவர்களுக்குக் கஷ்டம். அக்காமாரின் அழகான கையெழுத்து எனக்கு நன்றாகவே தெரியும். கூட்டம் வைப்பதையும் நாற்று நடுகை, அரிவி வெட்டு நாட்களில் வைக்காமல், மாதர் சங்கம் கூடுகிற நாளை ஒட்டிப் பின்னேரம் வைத்தால் ஆட்கள் வருகிறார்கள். புள்ளிகளை எல்லார் முன்னாலும் வாசிக்கக் கூடாது.

தரம் 5 வந்ததும் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழாகும். நல்ல பள்ளிக்கூடங்களில் இடம் பிடிக்க எழுதுகிற புலமைப்பரிசில் பரீட்சை பத்து வயதுப் பிள்ளைக்கு. ஆனால் பயம் தரம் 3 கூட்டத்திலேயே வந்துவிடுகிறது: "ரீச்சர், மாதிரி வினாத்தாள் இப்பவே தொடங்கலாமோ?" தரம் 5இல் பள்ளி முடிந்து இரண்டு மணிக்கு ரியூசன், சனி ஞாயிறும் ரியூசன், அதற்கு மேல் வீட்டில் வினாத்தாள். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளையும் அந்தத் தாள்களுக்குப் புள்ளடி போட்டுக்கொண்டிருக்கும். வாசிக்க வந்தால் வினாத்தாள் பிறகு வரும் என்று சொல்லிப் பார்க்கிறேன். யாழ்ப்பாணத்தில் நல்ல பள்ளிக்கூடம் கிடைக்கும் என்று காத்திருக்கிற தகப்பனிடம் அது எடுபடாது, அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. தரம் 5 ஆசிரியரும் நானும் பேசி, பள்ளி நாட்களில் வினாத்தாளை வீட்டு வேலையாகக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். ரியூசனை நிறுத்த எங்களுக்கு அதிகாரம் இல்லை. ஞாயிறு காலையை மட்டும் விட்டுவிடுங்கள், பிள்ளை அறநெறி வகுப்புக்கோ தேவாலயத்துக்கோ போகட்டும், இல்லாவிட்டால் குளத்தடியில் விளையாடட்டும் என்று பெற்றோரைக் கேட்டோம். பாதிப் பேர் ஒத்துக்கொண்டார்கள். மிச்சப் பேரை அடுத்த கூட்டத்தில் மறுபடி கேட்க இருக்கிறோம்.